ஜெசிந்தாவின் எடை

கோவையிலுள்ள அந்தப் பம்பு கம்பெனியில், அடுத்தவருக்குப் போய்ச் சேராத அறிவு அவரவர் உடம்பில் எடையாகத் தங்கிவிடும். வருஷாவருஷம் அதை அளப்பது லிஃப்டின் வேலை. ஏறியவரை நான்காம் மாடிக்குக் கொண்டுபோய்விட்டால், அவருடைய அறிவு நன்றாகப் புழங்குகிறது என்று பொருள்.

ஜெசிந்தா ஏறினால் லிஃப்ட் முனகும், நகராது. சோதனைக்கூடத்தில் எந்தப் பம்பு எதற்காக அடம்பிடிக்கிறது என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். தூத்துக்குடியில் கணவனும் மகளும் காத்திருந்தார்கள். அந்த ஊருக்கான மாற்றல் உத்தரவு நான்காம் மாடியில் தயாராக இருந்தது. நேரில் போய்த்தான் வாங்க வேண்டும். மாடிப்படி அவளைத் தாங்காது.

அறிவு மேலாண்மை அதிகாரி பரமேசுவரன் வந்தார். "தெரிஞ்சதையெல்லாம் எழுதிக் கொடுத்துருங்கம்மா. எடை தானா இறங்கிடும்."

எழுதிக் கொடுத்தாள். யாரும் படிக்கவில்லை. கோப்புகளை வைத்த பீரோ மதியத்துக்குள் முழங்கால் ஆழம் தரையில் இறங்கிவிட்டது. அதிகாரி அதை முன்னேற்றம் என்று குறித்துக்கொண்டார். ஜெசிந்தாவை ஏற்றிய லிஃப்ட் அப்போதும் நகரவில்லை.

"ஏனுங்க்கா, எனக்குச் சொல்லித் தரலாமுங்களே," என்றான் பக்கத்து மேசை நஞ்சப்பன்.

"சொல்லிட்டா அப்புறம் என்னைய இங்க யாரு தேடுவா?"

"தூத்துக்குடியில தேடறாங்களே, போதாதுங்களா?"

ஜெசிந்தா எழுந்து அவனை மூன்றாம் நம்பர் பம்பிடம் கூட்டிப்போனாள். அதன்மேல் காதை வைத்துக் கேட்க வேண்டும். அது பெருமூச்சு விட்ட பிறகே வால்வைத் திறக்க வேண்டும். நஞ்சப்பன் அவசரப்பட்டான். பம்பு அவனைத் தலையோடு நனைத்தது.

"குளிச்சாச்சா? இன்னொருக்கா கேளு."

இந்த முறை காத்திருந்தான். தண்ணீர் சீராக வந்தது. ஜெசிந்தாவின் காலில் செருப்பு வார் தளர்ந்தது.

நஞ்சப்பன் அதைச் சோதனைக்கூடத்தில் உடன் வேலைபார்க்கும் விசாலத்துக்குக் காட்டினான். விசாலம் கேன்டீன்காரர் வரை எல்லோருக்கும் காட்டினாள். யாருக்கும் எடை கூடவில்லை.

திங்கட்கிழமை லிஃப்ட் ஜெசிந்தாவோடு கிளம்பியது. நான்காம் மாடியில் பரமேசுவரன் உத்தரவோடு நின்றிருந்தார். லிஃப்ட் நிற்கவில்லை. கம்பிக்கதவின் இடுக்கில் அவசரமாக அதை நீட்டினார், வாங்கிக்கொண்டாள்.

"நல்ல அளவும்மா," என்றார் கீழேயிருந்து.

கட்டடத்துக்கு நான்கு மாடிதான். ஒன்பதாவது மாடியில் லிஃப்ட் நின்றது. கதவைத் திறந்ததும் உப்புக்காற்று அடித்தது. எதிர்வீட்டு மாடியில் கருவாடு காய்ந்தது. ஜெசிந்தா கதவைச் சாத்தி லிஃப்டைக் கீழே அனுப்பினாள், அடுத்தவர்கள் காத்திருப்பார்கள்.

தூத்துக்குடி வீட்டுக்குள்ளிருந்து மகள் எட்டிப்பார்த்தாள்.

"யம்மா, செருப்ப வெளிய போட்டுட்டு வா. இப்பதான் வீட்டக் கூட்டினேன்."