ஒழுகாத கூரை

அந்த வீட்டில் கூரைக்கு மேற்பக்கம் அவருடையது, கீழ்ப்பக்கம் அவளுடையது. யாரும் உட்கார்ந்து பேசிப் பிரித்ததில்லை. கல்யாணமான புதிதில் தானாக அமைந்து, அப்படியே கெட்டிப்பட்டுவிட்டது. அவர் ஓய்வு பெற்ற லிஃப்ட் மெக்கானிக். அடுக்குமாடிக் கட்டடங்களின் உச்சியில், கீழே இருட்டைத் தவிர ஒன்றும் தெரியாத இடத்தில் நின்று ஸ்பேனர் பிடித்தவர். அவருக்குச் சொந்த வீட்டுக் கூரையில் ஏறுவது மாடிப்படி ஏறுவது மாதிரி. ஆனால் தூசி மட்டும் ஆகாது, பட்டால் மூச்சு இழுக்கும். அதனால் கூரைக்கு அடியில் இருந்த பரண் அவளுக்கு வந்தது. அவள் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பவள், வெட்டி மிஞ்சிய துணிகளை அங்கேதான் மூட்டை கட்டி வைப்பாள்.

கூரை, மர ஓட்டுக் கூரை. உள்ளங்கை அகலப் பலகைகளை மீன் செதில் மாதிரி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ஆணி அடித்தது. பார்க்க அழகுதான், ஆனால் பச்சைக் குழந்தையைப் போல எந்நேரமும் ஆள் வேண்டும். வெயிலில் வெடிக்கும், மழையில் உப்பும், பாசி பிடிக்கும். ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும், பரணில் எங்கே சொட்டியது என்று அவள் சொல்ல, அவர் மேலே போய், வெடித்ததைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக ஒன்றைச் செருகுவார். கீழே மெஷினில் இருக்கும் அவளுக்குச் சுத்தியல் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். சத்தம் நின்றால் கால் தானாக மிதியை நிறுத்திவிடும். அடுத்த அடி விழும்வரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பாள்.

இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால் அவர் பாசியில் வழுக்கினார். விளிம்பில் மழைநீர் ஓடும் தகரத்தில் கால் சிக்கியதால் ஆள் தப்பினார். முழங்காலில் ரத்தத்தோடு இறங்கி வந்து, அதையே ஒரு சிரிப்புக் கதையாக்கி நாலு பேரிடம் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இந்த மனிதர் இனிமேல் மேலே ஏறக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தாள். சொன்னால் கேட்கிற ஜாதி இல்லை அவர். ஒழுகுவது தெரிந்தால்தானே ஏறுவார்?

அடுத்த மழைக்குப் பரணில் மூன்று இடத்தில் சொட்டியது. அவள் மூன்று பேசினை வைத்தாள். சத்தம் கீழே கேட்காதிருக்க ஒவ்வொன்றிலும் கிழிந்த துணியை மடித்துப் போட்டாள். மழை விட்டதும், அவர் கடைக்குப் போகிற நேரம் பார்த்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு பரண் ஏணியில் ஏறித் தண்ணீரை இறக்கிக் கொட்டினாள். அந்த மழைக்காலம் முடிவதற்குள் வீட்டில் இருந்த பேசின், வாளி, பழைய குக்கர் என்று ஒவ்வொன்றாகப் பரண் ஏறிவிட்டன. குக்கர் எங்கே என்று அவர் கேட்டபோது, பக்கத்துத் தெருவில் யாரோ இரவல் வாங்கிப் போனதாக முகம் மாறாமல் சொன்னாள்.

அவள் கணக்குப் போடாமல் விட்டது ஒன்றே ஒன்று. ஒரு சொட்டுக் கூட ஒழுகவில்லை என்றால் அதற்கு யார் காரணம்? கடைசியாக ஒட்டுப் போட்டவர்தானே. மெக்கானிக்குக்குக் கால் தரையில் படவில்லை. தான் செருகிய கோணம் அப்படி, அடித்த ஆணி அப்படி என்று தெரு முழுக்கப் பேச்சு. கேட்டவர்களுக்கும் வீட்டில் மர ஓட்டுக் கூரைதான், அவர்களுக்கும் ஒழுகத்தான் செய்தது. முதலில் யோசனை கேட்டார்கள், பிறகு ஒரு எட்டு வந்து பார்க்க முடியுமா என்றார்கள். இதுவரை வருஷத்துக்கு ஒருமுறை ஒரு கூரையில் ஏறியவர், இப்போது வாரத்துக்கு ஒரு கூரையில் ஏறினார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டது என்றால் இதுதான். அடுத்தவர் கூரையில் அவர் நிற்கும்போது அவளுக்குச் சுத்தியல் சத்தம்கூடக் கேட்காது.

பழைய கூரையை மொத்தமாகப் பிரித்துவிட்டு, தலைமுறைக்கும் யாரும் ஏற வேண்டாத இரும்புத் தகடு போட்டுவிடலாம் என்று அவள் பேச்செடுத்தாள். நல்லா இருக்கிற கூரையை எதற்கு இடிக்கணும் என்று அவர் சிரித்தார். அதற்குப் பதில் அவளிடம் இருந்தது, ஆனால் சொல்ல முடியாத இடத்தில் இருந்தது. அவர் ஒட்டுப் போட்ட கூரையே இல்லாமல் போனால் தெருவில் அவர் பேரும் நிற்காது, அவரைக் கூப்பிடவும் மாட்டார்கள் என்பது அவளுடைய நப்பாசை. வேறு வழியில்லாமல் அவளே ஒரு கூரைக்காரரை வரச் சொன்னாள்.

கூரைக்காரர் காதில் பென்சில் செருகிய ஆள், அதிகம் பேசாதவர். மேலே போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்கினார். இரண்டு வழி இருக்கிறது என்றார். வெடித்ததை எல்லாம் மாற்றி, எண்ணெய் பூசிப் பழையதையே காப்பாற்றலாம், ஆனால் வருஷா வருஷம் ஒருத்தர் மேலே ஏறிப் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் முழுக்கப் பிரித்துப் புதிதாகப் போடலாம், அப்புறம் அந்தப் பக்கமே திரும்ப வேண்டாம்.

“பழசே இருக்கட்டும். நான் பாத்துக்குறேன்,” என்றார் மெக்கானிக். “ரெண்டு மழைக்காலமா ஒரு சொட்டு இறங்கலை.”

கூரைக்காரர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “அதுக்கு வாய்ப்பே இல்லைங்க. பாதி ஆணி துருப்பிடிச்சுப் போயிருக்கு. உள்ள போய்ப் பாத்தீங்களா?”

தையல்காரி முந்திக்கொண்டாள். பரணில் ஒரே தூசி, துணி மூட்டை, போக வழியில்லை என்று என்னென்னவோ சொன்னாள். மெக்கானிக் ஒரு துண்டை எடுத்து மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். தன் கூரையை ஒருத்தன் குறை சொல்லிவிட்டுப் போவதா என்ற வேகம். அவர் பரண் ஏணியில் ஏற, அவள் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். தலைக்கு மேலே அவர் குனிந்து நடப்பது தெரிந்தது. ஏதோ ஒரு பாத்திரத்தில் கால் இடிபட்டது. அதன்பிறகு ஒவ்வொரு பாத்திரமாக நகர்த்திப் பார்க்கும் சத்தம் கேட்டது. கூரைக்காரர் வெளியே போய் வீட்டை அளப்பது போல நின்றுகொண்டார்.

அவர் இறங்கி வந்தபோது இருமல் பிடித்திருந்தது. அடங்கும்வரை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் திட்டுக்குத் தயாராக இருந்தாள். உண்மையில் திட்டினால் தேவலை என்று இருந்தது.

“எத்தனை மழைக்கு ஏறுன?”

“எல்லா மழைக்கும்.”

“இடுப்புல பிளேட் வெச்சிருக்கு உனக்கு. படியே பாத்து ஏறுன்னு டாக்டர் சொன்னாரு. தண்ணியைத் தூக்கிட்டா இறங்குன?”

“நீங்க விழுந்துடக் கூடாதுன்னுதாங்க.”

“நீ விழுந்திருந்தா?”

அப்படி ஒன்று நடக்கலாம் என்று இத்தனை நாளில் ஒருமுறைகூட அவளுக்குத் தோன்றியதில்லை. அது அவருக்கும் அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துவிட்டது. துண்டை அவிழ்த்து நாற்காலியில் போட்டுவிட்டு வெளியே போனார்.

வாசலில் கூரைக்காரரோடு எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரரும் நின்றிருந்தார். ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டுக் கூரையைப் பார்க்க வரச் சொல்லி மெக்கானிக்கைப் பிடிக்க வந்தவர். ஜன்னல் திறந்திருந்ததால் பேசியதெல்லாம் உள்ளே கேட்டது.

“முழுசாப் பிரிச்சுட்டு தகடே போட்டுடுங்க,” என்று மெக்கானிக் கூரைக்காரரிடம் சொன்னார். பிறகு மருந்துக்கடைக்காரர் பக்கம் திரும்பினார். “நீங்களும் விவரம் தெரிஞ்ச ஆளாப் பாருங்க. நான் போட்ட ஒட்டு ஒண்ணுமே நிக்கலை. ரெண்டு வருஷமா ஒழுகிட்டுதான் இருந்திருக்கு, எனக்குத்தான் தெரியலை.”

பேசின்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவளைப் பற்றியும் இல்லை. மருந்துக்கடைக்காரர் தலையாட்டிவிட்டு நகர்ந்தார். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும், இனி அவரை யாரும் எந்தக் கூரைக்கும் கூப்பிடமாட்டார்கள். அவள் கேட்டது மொத்தமும் ஒரே நிமிஷத்தில் கிடைத்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டியவளுக்கு அழுகை வந்தது, கையிலிருந்த துணியாலேயே துடைத்துக்கொண்டாள்.

கூரைக்காரரை அனுப்பிவிட்டு அவர் திரும்பி வந்தார். வாசலில் நாலே படிதான். அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கால் வைத்து ஏறினார். அவர் அந்தக் கைப்பிடியைத் தொட்டு அவள் பார்த்ததே இல்லை.