சீக்கிரம் தீரும் பம்பு

"இதுக்குள்ள தீர்ந்துடுச்சா?"

டாக்டரம்மா மூச்சுக்கு இழுக்கும் நீலப் பம்பைத் திருப்பி, பின்னால் இருக்கும் எண்ணைப் பார்த்தார். சைபர்.

தையல்காரியின் முகம் சுண்டிப்போயிற்று. "நான் அதைத் தொட்டதே அபூர்வம் டாக்டர். நீங்க சொன்ன பிரவுன் பம்பைத்தான் ரெண்டு வேளையும் இழுக்கிறேன். வாயும் கொப்பளிக்கிறேன்."

"மூச்சு முட்டினாத்தான் நீலம். அது இப்படித் தீர்ந்தா ஆஸ்துமா கட்டுக்குள்ள இல்லைன்னு அர்த்தம். மறைக்காம சொல்லும்மா."

மூச்சின் வேகத்தை அளக்கும் குழாயில் ஊதச் சொன்னார். முள் நல்ல இடத்தில்தான் நின்றது. டாக்டரம்மா முள்ளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்த பார்வையில், 'நீ புளுகுகிறாய்' என்று எழுதி ஒட்டியிருந்தது. புதுப் பம்பு எழுதிக் கொடுத்தார்.

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அப்படியானால் எடுத்தது யார்? வீட்டில் இருப்பது மூன்றே பேர். புருஷன் எருமை மாதிரி திடமானவன். மிச்சம் நாத்தனார். அவளோ அண்ணி பம்பு இழுப்பதைப் போலச் செய்துகாட்டிச் சிரிப்பவள்.

"விளையாட்டுக்கு அமுக்கிப் பார்த்தியா?" என்று நேராகவே கேட்டுவிட்டாள்.

"உங்க எச்சில் பம்பு எனக்கெதுக்கு அண்ணி?" நாத்தனார் கதவைப் படாரென்று சாத்திக்கொண்டாள்.

அதன்பின் தையல்காரி காலையும் மாலையும் புதுப் பம்பின் எண்ணைப் பார்த்தாள். அவள் தொடாமலே அது இறங்கியது. நாத்தனார் தோழி வீட்டுக்குப் போயிருந்த நாளிலும் இறங்கியது.

ஒருநாள் வேலைக்குக் கிளம்பியவள், கத்தரிக்கோலை மறந்து பாதி வழியில் திரும்பினாள். குளியலறைக்குள் 'புஸ்' என்று சத்தம். கதவைத் தள்ளினாள். கவிழ்த்த வாளிமேல் புருஷன் உட்கார்ந்திருந்தான், வாயில் பம்பு.

"எத்தனை நாளா? இன்னும் என்னென்ன மறைச்சிருக்கீங்க?"

அவனுக்கு மூச்சு வாங்கியது. கழுத்துக் குழி உள்ளே போய் வந்தது. கார்களுக்கு ஸ்பிரே பெயின்ட் அடிப்பது அவன் வேலை.

"டாக்டர்கிட்ட போனா பெயின்ட்டை விடச் சொல்வாங்க. எனக்கு வேறென்ன தெரியும்?"

திட்ட வாயெடுத்தவள், அப்படியே அவன் முதுகைத் தடவினாள். அன்றைக்கே கையோடு டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனாள்.

"லீவு நாள்ல எப்படி இருக்கு?" என்றார் டாக்டரம்மா.

"லீவுல ஒண்ணுமே இல்லீங்க."

"அப்ப பெயின்ட் மேலதான் சந்தேகம். டெஸ்ட் எடுத்துடலாம். உங்களுக்குன்னு தனி மருந்து, அடுத்தவங்க பம்பு வேண்டாம். மூக்குல துணி கட்டினா போதாது, ஸ்பிரே ரூமை விட்டே வெளிய வாங்க." தையல்காரியிடம் திரும்பினார். "உன்னைத் தப்பா நினைச்சுட்டேன்மா."

டெஸ்டும் பெயின்ட்டைத்தான் காட்டியது. முதலாளி முணுமுணுத்துக்கொண்டே அவனை நசுங்கிய கதவுகளைத் தட்டி நிமிர்த்தும் வேலைக்கு மாற்றினார். தட்டுகிற சத்தத்தில் தலைவலிக்கிறது என்று தினமும் புலம்பினான். மூச்சு மட்டும் சீராகிக்கொண்டு வந்தது.

நாத்தனார்தான் மசியவில்லை. தையல்காரி மன்னிப்புக் கேட்டபோது துணி மடிப்பதை நிறுத்தாமல் சொன்னாள்:

"அண்ணனை ஒரு வார்த்தை கேட்டீங்களா? நேரா என்கிட்டத்தானே வந்தீங்க."

தையல்காரியும் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடிக்க ஆரம்பித்தாள்.