கூரையைத் தின்ற மாடு

வெள்ளம் வடிந்து முழுசாக ஒரு வாரம் ஆகவில்லை, அதற்குள் மாட்டுத் தரகருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. சேற்றில் லாரியை உறுமவிட்டுக்கொண்டு வந்து வாயாடியின் வீட்டு வாசலில் நிறுத்தினார். வாயாடி என்பது ஊர் வைத்த பட்டப்பெயர், அவளும் மறுத்ததில்லை.

"வைக்கோல் போரெல்லாம் ஆத்தோட போச்சாமே தங்கச்சி. மேய்ச்சல் நிலமும் சேறு. சினை மாட்டைப் பட்டினி போட்டுக் கொல்லாதே. பாதி விலைன்னாலும் கையில காசு."

அடடா, என்ன கரிசனம்! போன வெள்ளத்திலும் இப்படித்தான் தேனொழுகப் பேசினார். புல் முளைத்த பிறகு அவரிடம் விற்ற மாட்டையே திரும்பக் கேட்டால் இரண்டு மடங்கு விலை சொன்னார். பால் போச்சு, எரு போச்சு, கடைசியில் வயலும் குத்தகைக்குப் போச்சு. புருஷனும் பெண்டாட்டியும் அடுத்தவன் வயலில் கூலிக்குக் குனிந்தார்கள். நிமிர நாலு வருஷம் பிடித்தது. வெள்ளம் கொண்டுபோனதைவிட இந்த லாரி கொண்டுபோனதுதான் அதிகம்.

புருஷனோ கயிற்றை அவிழ்க்கவே ஆரம்பித்துவிட்டான். "வேற என்னதான் பண்றது? வெறும் தண்ணியக் குடிச்சிட்டு நிக்குது. கண்கொண்டு பார்க்க முடியல."

அவளுக்கு மட்டும் வயிறு எரியாதா? ஒட்டிப்போன விலாவைப் பார்த்தாள். லாரியைப் பார்த்தாள். அப்புறம் தன் வீட்டைப் பார்த்தாள். போன அறுவடை வைக்கோலில் ஆசை ஆசையாக வேய்ந்த கூரை. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினாள். மேலே அழுகியதைத் தள்ளிவிட்டு உள்ளே கையை விட்டாள். மொறமொறவென்று காய்ந்த வைக்கோல். கற்றை கற்றையாகப் பிடுங்கிக் கீழே எறிந்தாள்.

"அடியே, பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்று அலறினான் புருஷன்.

"கத்தாம, உப்புத் தண்ணி தெளிச்சுப் போடுங்க!"

போட்டான். மாடு முகர்ந்தது, அடுப்புப் புகை வாசனைக்குத் தலையை உதறி விலகியது. தரகர் சிரித்தார். மாடு மறுபடி முகர்ந்தது, உப்பை நக்கியது, ஒரு வாய் கடித்தது. அப்புறம் தலையைத் தூக்கவே இல்லை.

"இன்னைக்கே மழை வந்தா எங்கே படுப்பீங்க தங்கச்சி?" தரகரின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"நனைஞ்சா காஞ்சுக்குவோம் அண்ணே. உங்க லாரியில ஏத்தினா மறுபடி நாலு வருஷம். வண்டியத் திருப்புங்க."

புருஷன் கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டான். "நகரு, அடுப்படிப் பக்கம் நான் பிரிக்கிறேன்" என்று அவனும் மேலே ஏறினான்.

லாரி அடுத்த வீட்டுக்குப் போனது. அங்கே கூரையில் ஏற்கெனவே ஏணி சாய்த்திருந்தார்கள்.