மஞ்சள் காருக்குள் ஒரு கூண்டு

காருக்குள் எதற்கு இரும்புக் கூண்டு என்று மார்த்தாண்டத்தில் சுபிதாவைக் கேட்காத ஆள் இல்லை. ரேஸ் ஓட்டும்போது கார் தலைகீழாக உருண்டால் கூரை நசுங்கும், கூரை நசுங்கினாலும் உள்ளே இருப்பவன் தலை நசுங்கக் கூடாது, அதற்குத்தான் என்று அவளும் சலிக்காமல் சொன்னாள். "அப்போ உருளாம ஓட்டச் சொன்னா போராதா?" என்று டீக்கடைக்காரர் கேட்டபோது மட்டும் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டாள். உள்ளே இருக்கப்போகிறவன் அவளுடைய ஒரே தம்பி சுதன்.

சுதனுக்குக் கத்தாரில் கேஸ் கம்பெனி வேலை. சின்ன வயசிலிருந்தே கார்ப் பைத்தியம். கொச்சியில் யாரோ விற்ற பழைய ஜப்பான் கார் ஒன்றை, ரெண்டே சீட், எலுமிச்சை மஞ்சள், சம்பாதித்ததையெல்லாம் கொட்டி வாங்கிப் போட்டிருந்தான். லீவு முப்பது நாள். அந்த மாதத்தின் கடைசி ஞாயிறு கோயம்புத்தூர் டிராக்கில் பந்தயம், புதன்கிழமை ஃபிளைட். கூண்டு இல்லாத காரை டிராக்கின் கேட்டுக்குள்ளேயே விட மாட்டார்கள்.

"இந்தத் தடவ விட்டா பொறகு ஒண்ணர வருசமாக்கும், அக்கா. ஒனக்குத் தெரிஞ்ச வேலதானே?"

தெரிந்த வேலைதான். புனேயில் ஒரு கார் கம்பெனியில் எட்டு வருஷம் வண்டியின் எலும்புக்கூட்டை வரைந்தவள் அவள். மகள் பிறந்தபின் ஊருக்கு வந்து, மாடியறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வெளிநாட்டுக்காரனுக்கு வரைந்து கொடுக்கிறாள். எந்தக் குழாய் எவ்வளவு பாரம் தாங்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். ஆனால் வெல்டிங் டார்ச்சைக் கையால் தொட்டதில்லை.

முதலில் பிளம்பிங் கடையிலிருந்து வெள்ளைக் குழாய்களை வாங்கி வந்து காருக்குள் ஒரு பொய்க் கூண்டு கட்டினாள். சீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய வளைவு, அதிலிருந்து கூரையை ஒட்டி முன்கண்ணாடிவரை ரெண்டு கம்பி, கதவுப் பக்கம் குறுக்கே ரெண்டு. சுதனை ஹெல்மெட்டோடு உள்ளே உட்காரவைத்துப் பார்த்தால் தலைக்கும் குழாய்க்கும் நடுவில் ரெண்டு விரல்கூட இல்லை. சீட்டைத் தாழ்த்தச் சொன்னாள்.

"தாத்துனா ரோடு மறையும்."

"தல இருந்தாத்தாம்லே கண்ணு தெரியும். பேசாம இரி."

கூண்டை ஒட்டிக் கொடுக்க ஆள் தேடியபோது எல்லோரும் ஒரே பெயரைத்தான் சொன்னார்கள், முருகதாஸ். குலசேகரம் ரப்பர் எஸ்டேட் பங்களாக்களின் கேட்டெல்லாம் அவர் கைவேலை. கேட்டின் மேல் விரலை ஓட்டினால் ரெண்டு குழாய் எந்த இடத்தில் சேர்கிறது என்று விரலுக்குத் தெரியாது. ஸ்டீல் கைப்பிடி வேலைக்காக ஆர்கான் வெல்டிங்கும் பழகியிருந்தார். சுபிதாவைவிட நாலைந்து வயசுதான் கூடுதல். அவள் கூண்டை வரைந்து விரித்த பதினாலு தாளையும் பார்த்துவிட்டு மீசையைத் தடவினார்.

"எல்லாம் கொள்ளாம், எஞ்சினியரே. இந்த மேல்ப் பைப்பு கூரைய ஒட்டிக் கெடக்கே. அதுக்க மேல்ப்பக்கம் எனக்க கை எப்பிடிப் போவும்?"

சுபிதா விழித்தாள். அதை அவள் யோசிக்கவே இல்லை. அவரே கொஞ்ச நேரம் காரைச் சுற்றி வந்தார்.

"கூண்டுக்க கால் நிக்கிய எடத்துல காருக்க தரைய வெட்டுவோம். கூண்ட ஓட்ட வழியா கீழ எறக்குனா மேல கை போவும். வெல்டு வச்சிட்டு, தூக்கி, அடியில பிளேட்டப் போட்டு மூடிரலாம்."

அவளுக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனது அப்போதுதான். இனி இவர் பார்த்துக்கொள்வார் என்று நம்பினாள். மகளுக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் பட்டறைப் பக்கம் போகாதபோதும் கவலைப்படவில்லை.

நாலாம் நாள் போனாள். முருகதாஸ் குளித்து, சட்டை மாற்றி, காரின் ரெண்டு கதவையும் திறந்துவைத்துக்கொண்டு நின்றார்.

"கைய வச்சுப் பாருங்க."

சுபிதா பெரிய வளைவின் மேல்முனையில் விரலை ஓட்டினாள். இணைப்பு எங்கே என்று விரலுக்குத் தெரியவில்லை. அடுத்ததையும் தொட்டாள். பதினாறு இணைப்பும் அப்படித்தான் வழவழவென்று இருந்தன. அவள் விரலைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

"என்ன, பிடிக்கலியா?"

"கிரைண்டர் போட்டியளா அண்ணே?"

"போடாண்டாமா? ரெண்டு நாளு குத்த வச்சு இருந்து தேச்சேன். கேட்டுக்குக்கூட இம்புட்டுப் பாத்ததில்ல."

சொல்லாமல் இருக்க முடியாது. குழாயும் குழாயும் சேரும் இடத்தில் புடைத்து நிற்கிற அந்த வரம்புதான் பலம், அதைத் தேய்த்தால் தேய்த்த அளவுக்குப் பலம் போகும், பக்கத்துக் குழாயும் மெலியும், மேலே மறுபடி வெல்டு வைத்தாலும் நம்ப முடியாது, ரேஸ் கூண்டில் யாரும் அதைத் தொட மாட்டார்கள் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். முருகதாஸின் முகம் சிறுத்துக்கொண்டே போனது.

"படத்துல எழுதலியே."

சுபிதா தாள்களை எடுத்தாள். குழாயின் கனம் புள்ளிவரைக்கும் இருந்தது, வளைவின் பாகை இருந்தது, வாஷரின் அளவுகூட இருந்தது. தேய்க்காதே என்று ஒரு வரி எங்கும் இல்லை. யாருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டிருக்கிறாள். கேட் செய்கிறவருக்கு எப்படித் தெரியும்?

"தப்பு எனக்கதாக்கும் அண்ணே."

முருகதாஸ் பட்டறை மூலைக்குப் போனார். ஆரம்பத்தில் பழகிப் பார்க்க ஒட்டிய துண்டுகளில் ரெண்டை எடுத்தார். ஒன்றின் இணைப்பை மட்டும் தேய்த்து வழவழப்பாக்கினார். அடுத்த லாரிப் பட்டறையில் பேரிங் கழற்றுகிற பிரஸ் இருந்தது. தேய்க்காத துண்டை அழுத்தியபோது குழாய் மடங்கியது, இணைப்பு அசையவில்லை. தேய்த்ததை அழுத்தினார்கள். குழாய் மடங்கும் முன்பே இணைப்பு டப்பென்று வாய் பிளந்தது. முருகதாஸ் அந்தப் பிளவுக்குள் நகத்தை விட்டுப் பார்த்துக்கொண்டே திரும்பி நடந்தார்.

பட்டறையில் சுதன் காத்துக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டதும் அவன் முதலில் கேட்டது, வேறு குழாய் வர எத்தனை நாள் என்று.

"சென்னைலருந்து வரணும். எட்டு நாளாவது ஆவும்," என்றாள் சுபிதா.

பந்தயத்துக்கு ஆறு நாள்தான் இருந்தது.

"பெயின்ட் அடிச்சா ஆருக்கு அக்கா தெரியும்? செக் பண்ணுகவன் கண்ணால பாப்பான், அம்புட்டுதான்."

"மக்கா, ஒனக்க தலையாக்கும் அது."

"எனக்க தலதானே. நான் சொல்லுகேன் அடிங்கன்னு. நான் என்ன உருளவா போறேன்? எத்தன வண்டி ஓடுது, எத்தன உருளுது?" அவன் குரல் இறங்கியது. "அங்க பாலைவனத்துல கெடந்து இந்த ஒரு நாளத்தான் நெனச்சிட்டு இருந்தேன், அக்கா. ஒரே ஒரு நாளு."

சுபிதாவால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மனசு தானாகக் கணக்குப் போட்டது. வரம்பில் பாதிக் கனம்தானே போயிருக்கும். முக்கியமான நாலு மூலையில் முக்கோணத் தகடு வைத்து ஒட்டினால் கொஞ்சம் ஈடுகட்டும். முதல் பந்தயம், பெரிய வேகத்தில் போக மாட்டான். மெதுவாக ஓட்டு என்று சத்தியம் வாங்கிக்கொள்ளலாம். அவள் வாயைத் திறந்தாள்.

அப்போது கட்டர் கிரீச்சிட்டது. முருகதாஸ் காருக்குள் முட்டிபோட்டு, பெரிய வளைவின் மேல்முனையில் கட்டரை வைத்திருந்தார். நெருப்புப் பொறி மஞ்சள் கதவில் பட்டுத் தெறித்தது. சுதன் ஓடிப்போய் அவர் தோளைப் பிடிப்பதற்குள் குழாய் ரெண்டாகி விட்டது.

"நீரு எனக்க வண்டியில எப்பிடிவே கை வைக்கலாம்?"

முருகதாஸ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுதன் அக்காவைப் பார்த்தான். அவளும் ஒன்றும் சொல்லாததைக் கண்டு பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

சுபிதா ஒரு டிரம்மின் மேல் உட்கார்ந்தாள்.

"எனக்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே அண்ணே."

"கேட்டா வெட்டாண்டாம்னு சொல்லியிருப்பிய."

"அதெப்பிடி உங்களுக்குத் தெரியும்?"

முருகதாஸ் பொறி படாமல் போட்டிருந்த கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண் சிவந்திருந்தது. "பய கெஞ்சும்போ உங்க மொகத்தத்தான் பாத்திட்டு நின்னேன். நீங்க அவனுக்கு அக்கால்லா. நான் அப்பிடியில்ல. எனக்கு வெட்ட முடியும்."

இல்லை என்று சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் வாயில் தயாராக இருந்த சொல் என்னவென்று அவளுக்குத் தெரியும். 'சரி, பெயின்ட் அடிங்க.' பாரக் கணக்கெல்லாம் படித்தவள், தம்பியின் தலை இருக்கும் இடத்தை விரலால் அளந்தவள், அதைத்தான் சொல்ல இருந்தாள்.

"சொல்லத்தான் போனேன்," என்றாள்.

"ம்," என்றார் முருகதாஸ். அடுத்த இணைப்பில் கட்டரை வைத்தார். அவள் எழுந்து போய், வெட்டுப்படும் குழாய் சீட்டில் விழாதபடி ரெண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.