ஜூலையில் வந்த வெள்ளம்

ஜெர்மனியின் நீடர்ஃபெல்ஸ் ஊரில் வெள்ளம் என்றால் அது குளிர்காலத்துச் சமாச்சாரம். பனி உருகி, மொசெல் ஆறு முன்கூட்டியே சொல்லிவிட்டு மெதுவாக ஏறும். அதற்குள் தீயணைப்புத் தொண்டர்கள் கரையில் தூண் நட்டு, அலுமினியப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகிவிடுவார்கள். வெள்ளம் வடிந்ததும் கழற்றிக் கிடங்கில் அடுக்குவார்கள். நிரந்தரச் சுவர் கட்டினால் ஒயின் கடை வாசலில் உட்காருகிறவர்களுக்கு ஆறு தெரியாதாம். ஊரே ஓட்டுப் போட்டு அதை வேண்டாம் என்றது.

இந்த முறை வெள்ளம் ஜூலையில் வந்தது.

மின் பொறியாளர் ஸ்வென்யா தேலன் காலையில் கிடங்குக்கு ஓடினாள். நாற்பது பேர் செய்கிற வேலைக்குப் பத்துப் பன்னிரண்டு பேர்தான் நின்றார்கள்.

"மத்தவங்க எங்க?"

"லீவும்மா. பள்ளிக்கூடம் மூடுனா ஊர்ல எவன் இருக்கான்?" என்றார் தீயணைப்புப் படைத் தலைவர் ரைன்ஹோல்ட் பௌலி. "என் மவன் மயோர்க்கா கடற்கரையிலேர்ந்து போட்டோ அனுப்புறான். வெயில் தாங்கலையாம்."

இந்த ஆட்களை வைத்து ஓரிடத்தில்தான் சுவர் எழுப்ப முடியும். ஒயின் தெருவிலா, கீழ்க்கரையில் இருக்கும் துணை மின்நிலையத்திலா? மின்நிலையத்தைச் சுற்றிக் கான்கிரீட் சுவர் கேட்டு ஸ்வென்யா நகர மன்றத்தில் இரண்டு வருடம் தொண்டை கிழியக் கத்தியிருந்தாள். கழற்றி மாட்டுகிற சுவரே போதும் என்று சிரித்து அனுப்பினார்கள்.

மேயர் அலோய்ஸ் கிர்ஸ்ட் ரப்பர் பூட்ஸோடு வந்து சேர்ந்தார். "ஒயின் தெருவுல ஆரம்பிங்கப்பா."

"சார், முதல்ல சப்-ஸ்டேஷன்."

"அங்க என்ன இருக்கு? நாலு கம்பி, ஒரு கொட்டகை. இங்க முந்நூறு வருஷத்து வீடுங்க."

"மழைத் தண்ணியும் சாக்கடையும் சுவருக்கு உள்பக்கம் பொங்கும். அதை எடுத்து ஆத்துல ஊத்துற பம்ப்பு அந்த நாலு கம்பியிலதான் ஓடுது. கரண்ட் போச்சுன்னா உங்க சுவர் நின்னு என்ன புண்ணியம்?"

"உங்கம்மா எங்க தோட்டத்துல எத்தனை வருஷம் திராட்சை பறிச்சாங்க தெரியுமா? ஒரு நாள் எதிர்த்துப் பேசுனதில்ல."

"பேசியிருக்கணும். கூலியாவது ஏறியிருக்கும்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஆனாலும் பலகைகளை ஏற்றிய லாரி ஒயின் தெருப் பக்கம்தான் திரும்பியது. தொண்டர்களில் பாதிப் பேரின் நிலவறைகள் அங்கேதான், போன வருடத்து ஒயினோடு. ரைன்ஹோல்ட் அவள் முகத்தைப் பார்க்காமல் இரண்டு ஆட்களையும் மணல் மூட்டைகளையும் ஒதுக்கித் தந்தார். "என்னால இவ்வளவுதாம்மா முடியும்."

மூவரும் முதுகு ஒடிய அடுக்கினார்கள். மதியத்துக்குமேல் தண்ணீர் மூட்டைகளுக்கு அடியில் புகுந்து மறுபக்கம் எழுந்தது. மின்சாரம் ஓடும்போதே தண்ணீர் கருவிகளைத் தொட்டால் மொத்தமும் வெடித்துக் கருகும். முன்கூட்டியே நிறுத்தினால் ஏதோ கொஞ்சம் மிஞ்சலாம். ஊரின் குடிநீர், மருத்துவமனை, அந்தப் பம்ப்பு, எல்லாம் அவள் கையில் இருந்த ஒரு விசையில் தொங்கிக்கொண்டிருந்தன. தண்ணீர் கடைசிப் படியைத் தொடும்வரை காத்திருந்து, பிறகு தன் கையாலேயே நிறுத்தினாள்.

ஒயின் தெருவுக்கு அவள் வந்தபோது அலுமினியச் சுவர் அசையாமல் நின்றது. ஒரு பலகைகூடக் கசியவில்லை. சாக்கடை மூடிகளைத் தள்ளிக்கொண்டு பழுப்புத் தண்ணீர் உள்ளே பொங்கிக்கொண்டிருந்தது. நிலவறைகளின் சின்ன ஜன்னல்கள் ஏற்கெனவே மூழ்கிவிட்டன.

"கரண்ட் எப்ப வரும்?" என்றார் மேயர். இடுப்பளவு தண்ணீரில் நின்றார்.

"பனிக்காலத்துக்குள்ள வந்தா அதிர்ஷ்டம்."

"பம்ப்பு?"

அவள் பொங்கிக்கொண்டிருந்த சாக்கடை மூடியைக் காட்டினாள். ரைன்ஹோல்ட் சுவரின்மேல் எக்கி ஆற்றுப் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு குனிந்து உள்பக்கம் பார்த்தார்.

"ரெண்டு பக்கமும் ஒரே மட்டம்," என்றார்.