பேக்கரிக் காகிதம்

கெல்வினின் எழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஜில்லியனுக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? ஆஸ்திரேலியாவில், பெண்டிகோ நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் இருவரும் ஒரே வருடம் கணக்கு ஆசிரியராகச் சேர்ந்தவர்கள். கரும்பலகைக் காலத்தில் அவள் எழுத்து முத்து முத்தாக இருக்கும். அவனுடையதைக் கோழி கிளறியது என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். இப்போது விடைத்தாளெல்லாம் கணினியில்தான் வருகிறது. மேசையில் இருக்கும் பென் டேப்லெட்டில் பேனாவால் எழுதினால், திரையில் விடைத்தாளின் மேல் எழுத்து விழும். அவளுக்குப் பேனா வழுக்கிக்கொண்டு ஓடியது; மூன்று போட்டால் எட்டுபோலச் சுருண்டது. அந்தக் கோழிக் கிறுக்கனுக்கோ அச்சடித்ததுபோல் விழுந்தது.

கணக்குத் துறைத் தலைவி கார்மல் வேறு எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினாள். "பிள்ளைங்களுக்குப் புரியுற மாதிரி குறிப்பு எழுதுறவங்களுக்குத்தான் அடுத்த வருஷம் பன்னெண்டாம் வகுப்பு. நாளைக்கு ரெண்டு பேரும் என் முன்னாடி ஆளுக்கொரு தாள் திருத்திக் காட்டுங்க."

எத்தனை வருடமாக ஜில்லியன் கேட்டுக் காத்திருக்கும் வகுப்பு அது.

மதியம் கெல்வின் தொப்பியை மாட்டிக்கொண்டு மைதானத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் போனான். அவள் அவனுடைய நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். டேப்லெட்டின் மேல் பேக்கரிக் காகித உறை ஒன்றைப் பிரித்து ஒட்டியிருந்தான், ஓரத்தில் எண்ணெய்க் கறையோடு. கறி அடைத்த மீட் பை தின்ற காகிதத்தைக்கூட விட மனசு வராத ஜென்மம்! அடியில் அப்படி என்ன உசத்தியான சாமான் வைத்திருக்கிறான் என்று பிய்த்துப் பார்த்தாள். அவளிடம் இருக்கும் அதே டேப்லெட்தான். காகிதம் கிழிந்துபோயிற்று. குப்பையைக் குப்பையில் போட்டால் என்ன குற்றம் என்று போட்டுவிட்டு வந்தாள்.

மறுநாள் காலை, கார்மல் முன்னால் கெல்வினின் பேனா தறிகெட்டு ஓடியது.

"என்னப்பா இது, ஓடுற பஸ்ல உக்காந்து எழுதினியா?"

"பேக்கரி உறையை ஒட்டி வெச்சிருந்தேன், கார்மல். அது சொரசொரப்பா இருக்கும், பேனா நின்னு எழுதும். நேத்து கூட்டுறவங்க எடுத்துப் போட்டுட்டாங்க போல."

இவ்வளவுதானா? போயும் போயும் ஒரு காகிதமா? ஜில்லியனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிழித்தது நான்தான் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் கிறுக்கலைத் திரையில் பார்க்க அவ்வளவு இனிப்பாக இருந்தது.

"காகிதம் இல்லேன்னா எழுத வராதுன்னா எப்படி? ரெண்டும் ஒரே லட்சணமாத்தான் இருக்கு. ஜில்லியன் ரொம்ப நாளா கேட்டுட்டு இருக்கா, அவளே எடுத்துக்கட்டும்" என்று கார்மல் முடித்துவிட்டாள்.

இடைவேளையில் கெல்வின் சூடாக இரண்டு மீட் பை வாங்கி வந்தான். ஒன்றை அவள் மேசையில் வைத்தான். உறையை வெட்டி, சுருக்கமில்லாமல் நீவி, அவள் டேப்லெட்டில் ஒட்டினான்.

"பன்னெண்டாம் வகுப்புன்னா திருத்தித் திருத்தியே கை ஒடிஞ்சிரும். எழுதிப் பாரு."

மூன்று போட்டாள். கரும்பலகைக் காலத்து மூன்று, முத்துப்போல விழுந்தது.

"உனக்கு வேணாமா?"

"ஏழாம் வகுப்புக்கு டிக் போட இது எதுக்கு?" அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பில் கசப்பே இல்லை. அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட எரிந்தது. தோற்றுப்போய்க்கூட இவனால் இப்படி நிற்க முடிகிறதே!

கதவருகே போய்த் திரும்பினான். "இதையாவது யாரும் பிச்சுப் போடாம பாத்துக்க, தாயே."

தெரிந்து சொன்னானா, தெரியாமல் சொன்னானா? அவனைக் கூப்பிட வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு, இன்னொரு மூன்று எழுதிப் பார்த்தாள்.