ஒரு வாய் கஞ்சி

"என் தம்பி எலும்பும் தோலுமாக் கிடக்கான். நீ பக்கத்துல உக்காந்து வேடிக்கை பாக்குறியா?"

கஞ்சித் தூக்கோடு வந்த நாத்தனார் எனிஃபா போட்ட சத்தத்தில் ஸோம்பா ஆஸ்பத்திரி வார்டே திரும்பியது. நோயாளிக்கு ஆக்கிப் போட்டு ஊட்டுவது துணைக்கு வந்தவள் வேலை. ஊட்டாத பெண்டாட்டியை எல்லாரும் ஒரு மாதிரிதான் பார்த்தார்கள்.

பெண்டாட்டி ஸியோனேவுக்கோ நர்ஸ் தமாண்டா மேல்தான் ஆத்திரம். மினிபஸ் கவிழ்ந்து, புருஷன் லிம்பிக்கானியின் கழுத்தில் துளையிட்டு மூச்சுக் குழாய் வைத்ததிலிருந்து, அவன் வாயில் ஒரு சொட்டு விடவில்லை அவள். மூக்குக் குழாய் வழியே பால்தான்.

"இன்னைக்கு சோதிச்சுப் பாத்துடலாம்" என்றாள் தமாண்டா. நீலச் சாயம் கலந்த தண்ணீரை ஸ்பூனில் கொடுத்தாள். லிம்பிக்கானி மடக்கென்று விழுங்கினான். இருமல் இல்லை. இன்னும் வேண்டும் என்று வாயைத் திறந்தான்.

கழுத்துக் குழாய்க்குள் மெல்லிய குழாய் விட்டு மெஷினால் உறிஞ்சினாள். வெறும் சளி, நீலம் இல்லை.

"அப்புறம் என்ன?" ஸியோனே சீறினாள். "உன் புருஷனா இருந்தா இப்படிப் பட்டினி போடுவியா?"

"போடுவேன்." தமாண்டா நிமிரவில்லை. "சாயம் மெதுவாக்கூட இறங்கும். பொறு."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி உறிஞ்சினாள். குழாய் முழுக்க நீலம்.

ஸியோனே எழுந்து குழாயைக் குனிந்து பார்த்தாள். "இருமவே இல்லையே, சிஸ்டர்."

"அதான் ஆபத்து. தொண்டையில உணர்ச்சி இல்ல. தண்ணி நேரா நுரையீரலுக்குப் போகுது. கஞ்சி போனா நிமோனியா. விழுங்கப் பயிற்சி குடுத்துட்டு அடுத்த வாரம் மறுபடி சோதிச்சுப் பாப்போம்."

"நீலத் தண்ணியக் குடுத்தா நீலமாத்தான் வரும்" என்றாள் எனிஃபா. "என் கஞ்சி வெள்ளை." ஸ்பூன் தம்பியின் உதட்டுக்குப் போய்விட்டது.

ஸியோனே ஸ்பூனைத் தட்டிவிட்டாள். தூக்கைப் பிடுங்கினாள். கீழே கொட்டினால் நாளைக்கு எனிஃபா யாரும் பார்க்காத நேரத்தில் வந்து ஊட்டிவிடுவாள். எப்போது கொண்டு வந்தாலும் அது தன் வயிற்றுக்குத்தான் போகும் என்று அவளுக்குத் தெரியட்டும். எல்லாரும் பார்க்கவே வாய் வைத்து, நிலக்கடலை மாவு மணந்த கஞ்சியை மடமடவென்று குடித்தாள்.

"நோயாளி கஞ்சியையா குடிக்கிற?" எனிஃபாவின் குரல் உடைந்தது. "வெக்கங்கெட்டவளே. ஊரெல்லாம் சொல்றேன்."

"சொல்லுங்க அக்கா. நாளைக்கும் கொண்டு வாங்க, நாளைக்கும் நானே குடிப்பேன். இந்தக் கட்டில விட்டு நகர மாட்டேன்."

லிம்பிக்கானி அவளை முறைத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

முறைக்கட்டும். ஸியோனே புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.